மாடி கீழே இறங்கிய வருடம்

துறைமுகத்தில் அவரை எல்லோரும் மாடி என்றுதான் கூப்பிட்டார்கள். கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி லாரியில் இறக்கும் பெரிய கிரேனை ஓட்டுகிறவர். கிரேனின் உச்சியில், காலுக்குக் கீழேயும் கண்ணாடி பதித்த ஒரு கூண்டு. ஏறினால் ஷிப்ட் முடியும்வரை அங்கேதான். "மாடி எங்க?" என்று யாராவது கேட்டால், "மாடி மாடியிலதான் இருப்பார், வேற எங்க போவார்" என்று கீழே நிற்பவர்கள் சொல்வார்கள். வருடக்கணக்காக அதே ஜோக். அவருக்கும் அது அலுக்கவில்லை.

ஐம்பத்தேழு வயதுவரை அவர் தனியாள். காதல் தோல்வி அது இது என்று எதுவும் கிடையாது. இளவயதில் அப்பா பக்கவாதத்தில் படுத்தார். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் போட்டதில் கல்யாண வயது தாண்டிவிட்டது. பிறகு அக்கா விடாமல் வரன் பார்த்தாள். "பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை எங்கன்னு கேட்டா வானத்தைக் காட்ட வேண்டியிருக்கு. அவங்க பயந்து ஓடிடறாங்க" என்று கடைசியில் அவளும் கைவிட்டாள்.

துறைமுகச் சாலையின் வளைவில் ஒரு சலவைக் கடை இருந்தது. கணவனை இழந்த ஒரு பெண் அதை நடத்தினாள். ஒருநாள் கிரீஸ் படிந்த சட்டையோடு மாடி அங்கே போனார். அவள் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது போகாதுங்க. போகும்னு சொல்லி வாங்கி வெச்சுட்டு அப்புறம் சமாதானம் சொல்ல எனக்கு வராது."

அடுத்த வாரம் வேறொரு சட்டையோடு போனார். அவள் கறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இது வேணும்னே தடவினது மாதிரி இருக்கே" என்றாள். மாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது. சிரித்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவளுடைய முதல் கணவர் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தவர். வார்டில், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்.

"உங்களுக்கு உடம்புல சீக்கு ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"கடைவாய்ப் பல்லு ஒண்ணு ஆடுது."

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவளுடைய மகன் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து அவர் கையைப் பிடித்து, "அம்மா இனிமே ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கக் கூடாதுங்க. எனக்கு அது போதும்" என்றான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நன்றாக இருந்தது. சாயங்காலம் அவர் கிரேனை விட்டு இறங்கி வரும் நேரத்துக்கு அவள் கடையைப் பூட்டிவிட்டுச் சாலையில் நிற்பாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வீடுவரை நடப்பார்கள். சட்டையை எப்படி மடிப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர் ஒருநாளும் சரியாக மடிக்கவில்லை. ஞாயிறு மதியங்களில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கிடப்பார்கள். "இந்த வயசுல நமக்கு வெக்கமே இல்லாமப் போச்சு" என்பாள். "இருந்ததையெல்லாம் முன்னாடியே செலவழிச்சுத் தீத்துட்டேன்" என்பார் அவர்.

மூன்றாம் வருடம் கம்பெனியின் வழக்கமான உடல் பரிசோதனையில் அவருடைய ரத்தத்தில் ஒரு அளவு கூடியிருந்தது. பி.எஸ்.ஏ. என்றார்கள். மறுபடி எடுத்தார்கள், இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்து, ஊசி விட்டுப் பரிசோதனைக்குச் சதை எடுத்தார்கள். ஊசி எங்கே வழியாகப் போனது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் முழங்கால் வலிக்கு வைத்தியம் என்று சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மறக்காமல் கொஞ்சம் நொண்டினார்.

முடிவு வந்த அன்று டாக்டர் நல்ல முகத்தோடுதான் பேசினார். புற்றுநோய்தான், ஆனால் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது, வெளியே பரவவில்லை, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம். "ஒரு விதத்துல நீங்க அதிர்ஷ்டசாலி சார்." மாடி தலையாட்டினார். எழுந்து வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். அவர் போகவேண்டிய பஸ் வந்து நின்று போயிற்று. அதற்கு அடுத்ததும் போயிற்று. தனக்கு என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. அவளிடம் எந்த வாயால் சொல்வது என்று யோசித்தார்.

கடைக்குத்தான் போனார். அவள் யாருடைய வெள்ளைச் சட்டையையோ தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"முட்டி எப்படி இருக்காம்?"

"முட்டி இல்ல."

அவர் குரலிலேயே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எங்க?" என்று மட்டும் கேட்டாள். என்ன என்று கேட்கவில்லை.

சொன்னார். சின்னது, உள்ளேயே இருக்கிறது, குணமாகிவிடும் என்று டாக்டர் சொன்ன அத்தனையும் சொன்னார். அவள் பெட்டியை மறுபடி எடுத்து அந்தச் சட்டையை முடித்தாள். காலர், கை, முதுகு. மடித்து, பொத்தான் போட்டு, அலமாரியில் வைத்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அவருக்கும் சின்னதுன்னுதான் சொன்னாங்க."

"அது வேற, இது வேற."

"எல்லாம் வேற வேறதான். கட்டில் ஒண்ணுதான்." அலமாரியைப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு தடவை என்னால முடியாதுங்க. திட்டாதீங்க. முடியாதுன்னு தெரிஞ்சுகிட்டே முடியும்னு சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவர் திட்டவில்லை.

அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவர், கதிர்வீச்சு டாக்டரம்மா ஒருவர், இருவரையும் பார்க்கச் சொன்னார்கள். அறுவை டாக்டர் படம் போட்டுக் காட்டினார். சுரப்பியை மொத்தமாக எடுத்துவிடலாம். சில நாள் ஆஸ்பத்திரியில், அப்புறம் கொஞ்ச நாள் டியூப். சிறுநீர் ஒழுகலாம், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆண்மைக்குப் போகிற நரம்பு ஒட்டிக்கொண்டே போகிறது. காப்பாற்றப் பார்ப்போம், உறுதி சொல்ல முடியாது. கதிர்வீச்சு டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார். கத்தி கிடையாது, வாரத்தில் ஐந்து நாள் வந்துபோக வேண்டும், சில வாரம். கூடவே ஆறு மாதத்துக்கு ஹார்மோன் ஊசி. சிறுநீர் எரியும், அடிக்கடி வரும், மலக்குடல் தொந்தரவு பண்ணலாம், அலுப்பு இருக்கும். "அந்த ஊசி ஆசையை அடக்கிடும் சார். ஊசி நின்னப்புறம் பலருக்குத் திரும்ப வரும். கதிர்வீச்சோட பாதிப்பு மெதுவா, வருஷம் போகப் போகத் தெரியலாம்."

"எதுவும் செய்யாம இருந்தா?"

"சிலருக்கு அப்படித்தான் சொல்வோம். அப்பப்போ பரிசோதிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கலாம். ஆனா உங்க சதையில இருக்கிற ரகம் சும்மா இருக்கிற ரகமில்ல. ரொம்ப நாள் விட்டு வைக்க வேண்டாம்னுதான் நான் சொல்வேன்."

இரண்டிலும் குணமாகும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்று இருவருமே சொன்னார்கள். அதுதான் அவரைப் படுத்தியது. ஒன்று மோசம், ஒன்று நல்லது என்று சொல்லியிருந்தால் பேசாமல் போயிருப்பார்.

அக்கா ஓடி வந்தாள். வந்த சூட்டிலேயே தீர்ப்பும் சொன்னாள். "வெட்டி எடுத்துப் போட்டுட்டா நிம்மதிடா தம்பி. கரண்ட் வைக்கிறதெல்லாம் உள்ள இருக்கிறதை உள்ளேயே வெச்சு வறுக்கிறது. வெளியில எடுத்தாத்தான் போச்சுன்னு அர்த்தம்."

"நீ டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்க்கா."

"படிக்க வெச்சாங்களா என்னை?"

மாடி மனைவியைப் பார்த்தார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "ஒரே ஒரு தடவை கூட வா. உள்ள உக்காந்து கேட்டா போதும்" என்றார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள்.

போனார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நுழைந்ததுமே அவள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். அதே மருந்து வாசனை, அதே நீல நாற்காலிகள். டாக்டரம்மா எல்லாவற்றையும் மறுபடி விளக்கினார். அவள் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றதும் தலையை நிமிர்த்தினாள்.

"எதுல இவரு ஆஸ்பத்திரியில படுக்க வேண்டாம்?"

"கதிர்வீச்சுல. வந்துட்டுப் போய்டலாம்."

மாடி அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். "அதையே பண்ணிடலாம் டாக்டர்."

"அவசரமில்ல சார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது உங்க விருப்பமா இருக்கணும்."

"இதுதான் என் விருப்பம்" என்றார்.

அப்படித்தான் அவர் கதிர் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார். அவர் கட்டிலில் படுக்காவிட்டால் அவள் கட்டிலுக்குக் கீழே படுக்க வேண்டியதில்லை. அவர் கணக்கு அவ்வளவுதான்.

முதலில் ஹார்மோன் ஊசி. சில வாரத்தில் உடம்புக்குள்ளிருந்து சூடு கிளம்பி முகத்தில் ஏறியது. நின்ற இடத்தில் வியர்த்துக் கொட்டும். தலை சுற்றும். கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு உயரத்தில் வேலை செய்யக்கூடாது என்று எழுதிவிட்டார். நுழைவாயிலில் போட்டார்கள். லாரி வந்து நிற்கும். கன்டெய்னர் கதவில் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, கையசைத்து அனுப்ப வேண்டும். "மாடி கிரவுண்ட் ஃப்ளோர் ஆயிட்டார்" என்று ஒரு லாரி டிரைவர் சொன்னான். விஷயம் தெரியாமல் சொன்னது. தெரிந்தவர்கள் ஜோக் அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் ஆசை போன வழி தெரியவில்லை. போராடி அடங்கியிருந்தாலாவது மல்லுக்கட்டியிருப்பார். விளக்கை அணைத்ததுபோல் போய்விட்டது. பக்கத்தில் படுத்திருப்பவளை, அந்தத் தோளை, கழுத்தைப் பார்ப்பார். அழகு என்று தெரியும். ஆனால் வேறு யாரோ பார்ப்பதுபோல் இருக்கும்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய நோவு வேறு. அவர் இருமினால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். அவர் சாப்பிடும்போது வாயையே பார்ப்பாள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்தார். அவள் அடுப்படியில் போய் நின்று அழுதாள். தூக்கம் போயிற்று. கன்னம் ஒட்டியது. கடையில் ஒரு வாடிக்கையாளரின் கோட்டைச் சுட்டுவிட்டாள். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. எனக்குத் தெரியுது" என்றாள் ஒரு காலையில். "ஆனா உங்களைப் பாக்கும்போது அவரைத்தான் பாக்கிறேன். ரெண்டு பேரும் ஒண்ணாத் தெரியுறீங்க. இப்படியே போனா உங்களுக்கு முன்னாடி நான் போயிடுவேன்."

"பையன் வீட்டுக்குப் போயிட்டு வாயேன். கொஞ்ச நாள்."

அதை அவளே கேட்டிருக்க மாட்டாள். அவர் சொல்லிவிட்டதில் அவள் முகத்தில் ஒரு கணம் இறங்கிய நிம்மதியை அவர் பார்த்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுவரை பையைத் தூக்கிக்கொண்டு போனார். ஜன்னலோர இருக்கை பிடித்துக் கொடுத்தார். "தண்ணி நிறையக் குடிக்கணும்னு சொன்னாங்கல்ல, குடிங்க" என்றாள். பஸ் கிளம்பியது.

மிச்சத் தயாரிப்பெல்லாம் அவர் தனியாகச் செய்தார். கதிர் குறி தப்பாமல் விழுவதற்காக, சுரப்பிக்குள் அரிசி மணியைவிடச் சின்னதாகத் தங்கத் துணுக்குகளை ஊசி வழியாக வைத்தார்கள். "உனக்கு நகையே பிடிக்காதேடா" என்று அக்கா போனில் சொன்னாள். சொல்லிவிட்டு உடனே போனை வைத்துவிட்டாள்.

அடுத்து, திட்டமிடும் ஸ்கேன். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும், மலக்குடல் காலியாக இருக்க வேண்டும். அப்போதுதான் குடலும் பையும் கதிரிலிருந்து ஒதுங்கி நிற்கும். தினமும் அதே அளவு, அதே நிலை. கிரேன் கூண்டில் கழிப்பறை இல்லாமல் வாழ்ந்த மனிதருக்கு அடக்குவது புதிதில்லை என்றுதான் நினைத்தார். வீட்டில் பழகிப் பார்த்தார். சமையலறையில் நின்று டம்ளர் டம்ளராகக் குடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பழைய உடம்பு இல்லை. பாதியிலேயே எழுந்து ஓட வேண்டியிருந்தது. ஒருமுறை போய்ச் சேரவில்லை. தரையைத் துடைத்துவிட்டு, மறுபடி தண்ணீர் குடித்து, மறுபடி உட்கார்ந்தார். பயறு வேண்டாம், முட்டைக்கோஸ் வேண்டாம், வாயுவைக் கிளப்பும் எதுவும் வேண்டாம் என்றிருந்தார்கள். ஒருவருக்காகச் சமைக்கும்போது எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஸ்கேன் நாளில் பின்பக்கம் முடிச்சுப் போட்ட கவுனை மாட்டிக்கொண்டு, அதே மாதிரி கவுன் போட்ட நாலைந்து ஆண்களோடு உட்கார்ந்தார். எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில். பக்கத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். "நிரம்ப வேண்டியது நிரம்பினா, காலியாக வேண்டியது காலியாக மாட்டேங்குது. காலியானா, நிரம்பினது நிக்க மாட்டேங்குது. வீட்டுல பொண்டாட்டியும் மருமகளும் இருக்கிற மாதிரி" என்றார். வரிசையே சிரித்தது. சிரிக்கக்கூடாது, சிரித்தால் அடக்க முடியாது என்று ஒருவர் கெஞ்சினார். அந்தக் கொஞ்ச நேரம்தான் மாடிக்கு அந்த மாதத்தில் நல்ல நேரம்.

உள்ளே படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். மெஷின் பார்க்கும் பெண் வெளியே வந்தாள். "சார், குடல்ல காத்து இருக்கு. கொஞ்சம் நடந்துட்டு, பாத்ரூம் போயிட்டு வாங்க. பரவாயில்ல, எல்லாருக்கும் இப்படி ஆகுறதுதான்."

அவர் தாழ்வாரத்தில் நடந்தார். கவுனின் பின்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. வந்து மறுபடி தண்ணீர் குடித்தார், மறுபடி படுத்தார். காற்று போகவில்லை. இன்னொரு நாள் வரச் சொல்லி, அதற்கு முன் போட்டுக்கொள்ள ஒரு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் படுத்தார். ஒரு காற்றைக்கூட வெளியே அனுப்பத் தெரியாத உடம்பு நோயை எங்கே அனுப்பப்போகிறது என்று தோன்றியது. அக்கா போன் அடித்தாள், எடுக்கவில்லை.

அடுத்த தடவை சரியாக வந்தது. இடுப்பின் இரண்டு பக்கமும், நடு வயிற்றின் கீழும் மச்சம்போல் சின்னப் புள்ளிகள் குத்தினார்கள். தினமும் அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் உடம்பை நேராக வைப்பார்களாம்.

"இது அப்புறம் போயிடுமாம்மா?"

"இல்ல சார், நிலைச்சுடும். ஆனா யாருக்கும் தெரியாது. அவ்வளவு சின்னது."

சிகிச்சை தொடங்கிய அன்று மனைவி வந்தாள். சொல்லாமல் வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில், மருந்துக்கடைப் பக்கம், ஒரு பிளாஸ்கோடு நின்றுகொண்டிருந்தாள். இன்னும் மெலிந்திருந்தாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். லிப்ட் திறந்தது, உள்ளே ஒரு ஸ்ட்ரெச்சர், அதில் வாய் திறந்து தூங்கும் ஒரு மனிதர். அவள் பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"நீ இங்கேயே இரு. நான் போயிட்டு வந்துடறேன்."

"நான் வரணும்னுதான் வந்தேன்."

"வந்துட்டல்ல. அது போதும்."

நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிட்டாள். அவர் போய்ப் படுத்தார். மெஷின் அவரைச் சுற்றியது. எதுவும் வலிக்கவில்லை, எதுவும் தெரியவில்லை. திரும்பி வந்தபோது நாற்காலியில் பிளாஸ்க் மட்டும் இருந்தது. டீ இன்னும் சூடாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து குடித்தார். குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி பாத்ரூமுக்குப் போக வேண்டியிருந்தது.

மிச்ச வாரங்கள் ஒரே மாதிரி போயின. எரிச்சல், அலுப்பு, நுழைவாயிலில் பாதி நேர வேலை. தபால்காரருடைய சிகிச்சை முன்பே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வரிசையில் யாரும் பேசவில்லை. கடைசி நாள் டாக்டரம்மா கை குலுக்கினார். சில மாதம் கழித்து ரத்தம் எடுத்தபோது அளவு நன்றாக இறங்கியிருந்தது. "இதுக்கு மேல நல்ல செய்தி நான் சொல்ல முடியாது சார்" என்றார். கம்பெனி அவரை நுழைவாயிலிலேயே நிரந்தரமாக்கியது. கிரேனுக்கு வேறு ஆள் வந்துவிட்டான், நல்ல பையன், வேலை தெரிந்தவன். மாடி குறை சொல்லவில்லை. சலவைக் கடையை வேறொருவர் எடுத்து நடத்தினார்.

அவள் தினமும் சாயங்காலம் போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, என்ன சாப்பிட்டீங்க, எரிச்சல் இருக்கா. ரத்த முடிவு வந்த அன்று அவர் டாக்டரம்மா சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னார். அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. சந்தோஷத்தில்தான் என்று கொஞ்ச நேரம் நினைத்தார்.

"இனிமே போக வேண்டாமா?"

"அப்பப்போ போகணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பாப்பாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அது... இருக்கிற வரைக்கும்தான்."

பின்னால் மகனின் வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப அது முடியலங்க" என்றாள்.

இல்லை, முடிந்துவிட்டது, அது சும்மா பார்த்துக்கொள்வதற்கு என்று சொல்ல வாயைத் திறந்தார். டாக்டரம்மாவே முடிந்துவிட்டது என்ற வார்த்தையைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முழங்கால் பொய்க்குப் பிறகு அவளிடம் இன்னொரு பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"எப்ப வர்ற?"

"வர்றேங்க" என்றாள். என்றைக்கு என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"தண்ணி குடிங்க" என்றாள். "சரி" என்றார். போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.